ஓட்டமும் வேண்டும், எடையும் தூக்க வேண்டும்: இரண்டும் ஒரே உடம்பில் நடக்குமா?

ஈரத்துண்டு, சென்னை
திங்கள், காலை 6.10

போன மாதம் கும்பகோணத்தில் ஒரு கல்யாணம். பந்தியில் பக்கத்தில் உட்கார்ந்த பெரியப்பா என் மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்துவிட்டு, "என்னடா, சுகரா?" என்றார். நான் வாயைத் திறப்பதற்குள் எதிர் வரிசையிலிருந்து ஒருவர், "ஆபீஸ்ல ஏதும் பிரச்சினையாப்பா?" நான் சொல்ல வந்தது வேறு. ஏழு மாதமாக ஓடுகிறேன், 84 கிலோவிலிருந்து 73க்கு வந்திருக்கிறேன், 10 கிலோமீட்டரை 62 நிமிடத்தில் முடிக்கிறேன். இதெல்லாம் அங்கே யார் காதிலும் ஏறவில்லை. ரசம் வந்துவிட்டது.

வீட்டுக்கு வந்து கண்ணாடியில் பார்த்தால் அவர்கள் சொன்னதும் பொய்யில்லை. தொப்பையில் கொஞ்சம் மிச்சம் இருக்கிறது. தோளும் கையும்தான் போய்விட்டன. இருபது லிட்டர் தண்ணீர் கேனைத் தூக்கிக்கொண்டு இரண்டாவது மாடி ஏறும்போது நடுவில் ஒரு தடவை இறக்கி வைத்தேன். 84 கிலோவில் இருந்தபோது அதே கேனோடு நிற்காமல் ஏறியவன்.

சரி என்று ஜிம்மில் சேர்ந்தேன். அங்கே மாஸ்டர், "முதல்ல ஓடுறதை நிறுத்துங்க சார், ரெண்டும் சேர்ந்தா ஒண்ணும் வராது" என்றார். ஞாயிற்றுக்கிழமை கூட ஓடுகிறவர்களிடம் கேட்டால், "ஜிம்முக்குப் போனா கால் கனத்துடும், டைம் போயிடும்" என்கிறார்கள். யாரிடமும் சொல்லாமல் இரண்டையும் செய்தேன். சனி மாலை ஸ்குவாட் (தோளில் ராடை வைத்து உட்கார்ந்து எழுவது), ஞாயிறு காலை 16 கிலோமீட்டர். பதினோராவது கிலோமீட்டரில், திருவான்மியூர் பக்கம், இரண்டு தொடையும் கல்லாகிவிட்டன. ஆட்டோவில்தான் திரும்பினேன். சீட் நனைந்துவிடும் என்று ஓட்டுநர் துண்டை விரித்து அதன்மேல் உட்காரச் சொன்னார்.

வயது 38. ஜனவரியில் அரை மாரத்தான், இன்னும் 14 வாரம் இருக்கிறது. இரண்டையும் சேர்த்துச் செய்கிறவர்கள் வாரத்தை எப்படிப் பிரிக்கிறீர்கள்?


இரும்புக்கடை, சேலம்
திங்கள், காலை 9.32

உங்கள் மாஸ்டர் சொன்னதில் பாதி உண்மை. பதினாறு வருஷமாக ஜிம் நடத்துகிறேன். மாதம் நான்கு பேராவது "ஓடியும் பார்க்கிறேன், தூக்கியும் பார்க்கிறேன்" என்று வருவார்கள். மூன்றாவது மாதம் இரண்டும் நின்றிருக்கும். உடம்புக்கு ஒரு நேரத்தில் ஒரு உத்தரவுதான் கொடுக்கலாம். ஆறு மாதம் எடை, அப்புறம் ஆறு மாதம் ஓட்டம் என்று போங்கள். ரெண்டு படகில் கால் வைக்காதீர்கள்.

இன்னொன்று. ஏழு மாதத்தில் 11 கிலோ இறங்கியிருக்கிறீர்கள். என்ன சாப்பிட்டீர்கள் என்று ஒரு வரிகூட எழுதவில்லையே?


கடற்கரைக்காக்கா, சென்னை
திங்கள், காலை 10.05

பெரியப்பாக்களை விடுங்கள். எனக்கும் "டிபி டெஸ்ட் எடுத்துப் பார்த்தியா" வரைக்கும் கேட்டுவிட்டார்கள். முழு மாரத்தான் பதினொன்று முடித்தவன், இதுவரை ஒரு டம்பெல்லைத் தொட்டதில்லை. நீண்ட தூரம் ஓடுகிறவன் ஒல்லியாகத்தான் இருப்பான், அது நாம் கொடுக்கும் விலை.

ஓடக் கற்றுக்கொள்ள ஓடத்தான் வேண்டும். நியூசிலாந்தில் ஆர்தர் லிடியார்ட் என்று ஒரு பயிற்சியாளர் இருந்தார். 1960 ரோம் ஒலிம்பிக்கில் அவருடைய பையன்கள் இரண்டு பேர் ஒரே நாளில் தங்கம் வாங்கினார்கள்: பீட்டர் ஸ்னெல் 800 மீட்டரில், மர்ரே ஹால்பெர்க் 5000 மீட்டரில். வாரத்துக்கு 100 மைல் ஓடவிட்டு, மேட்டில் துள்ளித் துள்ளி ஏறவிட்டு உருவாக்கிய கால்கள் அவை. ஸ்னெல் 800 மீட்டர்காரர், அவரையே 22 மைல் ஓட வைத்த மனிதர். இரும்பு எதற்கு?


விசில்வாத்தியார், திருநெல்வேலி
திங்கள், மாலை 5.48

காக்கா தம்பி, ரோம் கதையில் முதல் பாதியோடு எழுந்து போய்விட்டீர்கள். ஸ்னெல்லும் ஹால்பெர்க்கும் ஜெயித்த நான்காம் நாள், அதே மைதானத்தில் 1500 மீட்டர் இறுதி. ஆஸ்திரேலியாவின் ஹெர்ப் எலியட் 3 நிமிடம் 35.6 வினாடியில் ஓடி உலக சாதனை வைத்தார். இரண்டாவது வந்தவர் கிட்டத்தட்ட மூன்று வினாடி பின்னால். அந்தத் தூரத்தில் மூன்று வினாடி என்றால் படம் எடுத்தால் பக்கத்தில் ஆளே இருக்காது.

எலியட்டின் குரு பெர்சி செருட்டி. போர்ட்சீ கடற்கரையில் மணல் மேடுகளில் ஏறவிடுவார், அது போக எடையும் தூக்கவிடுவார், அதுவும் கனமாக. ஓட்டக்காரன் ராடைத் தொட்டால் கெட்டுப்போவான் என்று ஊரே சொன்ன காலத்தில். அந்த இறுதிப் போட்டியில் செருட்டி பார்வையாளர் பக்கமிருந்து ஓடுபாதை ஓரம் வரை வந்து ஒரு துண்டைச் சுழற்றினார். சாதனை வேகத்தில் போகிறாய், விடாதே என்று சைகை. ஈரத்துண்டு தம்பிக்குப் பிடிக்கும் என்றுதான் இதைச் சொல்கிறேன்.

ஆக ஒரே ஒலிம்பிக்கில் எடை வேண்டாம் என்ற பள்ளிக்கும் தங்கம், எடை வேண்டும் என்ற பள்ளிக்கும் தங்கம். நன்றாகக் கவனித்தால் லிடியார்ட் துள்ள வைத்த மேடும், செருட்டி ஏறவைத்த மணலும், தூக்கவைத்த ராடும் காலுக்கு ஒரே செய்தியைத்தான் சொல்கின்றன: தரையைப் பலமாகத் தள்ளு.

எங்கள் பக்கம் பொங்கலுக்கு இளவட்டக்கல் தூக்குவார்கள். உருண்டைக் கல், பிடிக்க ஒரு காதும் கிடையாது. குத்தவைத்து அணைத்து, முழங்காலுக்கு ஏற்றி, நெஞ்சுக்கு ஏற்றி, தோளுக்குப் பின்னால் போட வேண்டும். அதைத் தூக்கிய ஆட்கள் ஆறு நாளும் வயலில் நடந்தவர்கள்தான். அவர்களிடம் போய் ரெண்டு படகில் கால் வைக்காதே என்று யாரும் சொன்னதில்லை.


தேக்கா தம்பி, சிங்கப்பூர்
திங்கள், இரவு 9.20

இங்கே எங்களுக்கு இது விருப்பப் பாடம் கிடையாது. தேசிய சேவை என்ற கட்டாய ராணுவப் பணியை முடித்தவர்களும் ஆண்டுதோறும் உடல்தகுதியைக் காட்ட வேண்டும், அதற்கு ஐபிபிடி என்று ஒரு தேர்வு. 2015லிருந்து மூன்றே பகுதி: ஒரு நிமிடத்தில் எத்தனை தண்டால், ஒரு நிமிடத்தில் எத்தனை சிட்-அப், அப்புறம் 2.4 கிலோமீட்டர் ஓட்டம். நூறு மதிப்பெண்ணில் ஓட்டத்துக்கு ஐம்பது, மற்ற இரண்டுக்கும் இருபத்தைந்து இருபத்தைந்து.

நான் நான்கு வருஷம் ஓட்டத்தை மட்டும் பழகினேன், ஐம்பது வருகிறதே என்று. தண்டாலில் பதினெட்டிலேயே கை நடுங்கிவிடும். ஜிம்முக்குப் போக ஆரம்பித்த வருஷம் தண்டால் ஏறும் என்று தெரியும். ஓட்டமும் 25 வினாடி குறைந்ததுதான் எனக்கே ஆச்சரியம், ஏனென்றால் அந்த வருஷம் ஓடிய தூரம் முந்தின வருஷத்தைவிடக் குறைவு. காரணம் யாராவது விளக்கினால் தேவலை.


வலிவைத்தியர், கோவை
செவ்வாய், இரவு 10.40

பிசியோதெரபிஸ்ட்டாக வேலை. ஓட்டக்காரர்களும் ஜிம்காரர்களும் ஒரே பெஞ்சில் வந்து படுக்கும் இடம் என்னுடையது, அதனால் இரண்டு பக்கத்துப் புலம்பலும் கேட்டிருக்கிறேன். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன்.

"ரெண்டும் சேர்ந்தா ஒண்ணும் வராது" என்ற பேச்சுக்கு ஒரு பூர்வீகம் உண்டு. ராபர்ட் ஹிக்சன் என்ற அமெரிக்க ஆய்வாளர் எடை தூக்கிப் பழகியவர். தன் ஆய்வுக்கூடத் தலைவரோடு சேர்ந்து ஓடத் தொடங்கியபோது தன் பலம் குறைவதைக் கவனித்தார். அதையே ஆராய்ச்சியாக்கி 1980ல் வெளியிட்டார். மூன்று குழு, பத்து வாரம். ஒன்று எடை மட்டும், ஒன்று ஓட்டமும் சைக்கிளும் மட்டும், மூன்றாவது இரண்டும். மூன்றாவது குழுவின் பலம் ஏழு எட்டு வாரம் வரை நன்றாகவே ஏறி, அப்புறம் நின்று, கடைசியில் இறங்கியது. ஜிம் மாஸ்டர்கள் இதோடு கதையை நிறுத்திவிடுவார்கள்.

அந்த மூன்றாவது குழு செய்த வேலையைப் பாருங்கள்: வாரத்தில் ஐந்து நாள் கால் எடை, ஆறு நாள் கடுமையான ஓட்டம் அல்லது சைக்கிள். அதாவது வாரத்துக்குப் பதினொரு கடினப் பயிற்சி. அப்படிச் செய்தும் அவர்களுடைய மூச்சுத்திறன் குறையவில்லை, பலம்தான் அடிபட்டது. நம்மில் யார் வாரத்துக்குப் பதினொரு தடவை போகப்போகிறோம்? ஈரத்துண்டு சாருக்கு ஐந்தாறு போதும். இரும்புக்கடை அண்ணன் சொல்வது ஆணழகன் போட்டிக்கு மேடையேறும் உடம்புக்குச் சரி. தண்ணீர் கேனோடு மாடி ஏறவும் ஜனவரியில் 21 கிலோமீட்டர் ஓடவும் வேண்டிய உடம்புக்கு அந்தத் தடை பொருட்டே இல்லை.

அடுத்து தேக்கா தம்பியின் 25 வினாடி. 1999ல் பின்லாந்தில் ஒரு ஆய்வு. நன்றாக ஓடுகிறவர்களை எடுத்து, ஒன்பது வாரம், மொத்தப் பயிற்சி நேரத்தைக் கூட்டாமல், அதில் மூன்றில் ஒரு பங்கு ஓட்டத்தை எடுத்துவிட்டுக் குதித்தல், குறுவேகம், எடை என்று வைத்தார்கள். 5 கிலோமீட்டர் நேரம் குறைந்தது. வேடிக்கை என்னவென்றால் உடம்பு எடுத்துக்கொள்ளும் ஆக்சிஜன் அளவு ஏறவே இல்லை. என்ஜின் பழையதுதான், மைலேஜ் கூடியிருக்கிறது. கால் தரையில் படும்போது கணுக்காலும், கெண்டைக்காலைக் குதிகாலோடு இணைக்கும் குதிநாணும் ஸ்பிரிங் மாதிரி அமுங்கி விரியும். அந்த ஸ்பிரிங் விறைப்பாக இருந்தால் ஒவ்வொரு அடியிலும் கொஞ்சம் இலவசமாகக் கிடைக்கும்.

"கால் கனத்துடும்" என்பதற்கு: 2008ல் நார்வேயில் ஓட்டக்காரர்களுக்கு எட்டு வாரம், வாரம் மூன்று நாள், கனமான எடையில் நான்கு நான்கு தடவையாக நான்கு செட் அரை ஸ்குவாட். ஓடும் சிக்கனம், அதாவது மேலே சொன்ன மைலேஜ், சுமார் 5 சதவீதம் கூடியது, உடம்பு எடை மாறவில்லை. தசை பருப்பது பெரும்பாலும் நிறைய செட் போட்டு நிறையச் சாப்பிடுகிறவர்களுக்கு. குறைந்த எண்ணிக்கையில் கனமாகத் தூக்கும்போது முதல் இரண்டு மாதம் வளருவது நரம்புக்கும் தசைக்கும் உள்ள பழக்கம்தான்.

இப்போது உங்கள் வாரம். சனி மாலை ஸ்குவாட் போட்டது பிழையில்லை. அதற்கு மறுநாள் காலையில் வாரத்தின் மிக நீளமான ஓட்டத்தை வைத்தீர்கள் பாருங்கள், அங்கேதான் மாட்டிக்கொண்டீர்கள். தூக்கிய வலி 24 மணி நேரத்துக்கு அப்புறம்தான் உச்சத்துக்குப் போகும், சிலருக்கு மூன்றாம் நாள்வரை இருக்கும். அதனால் கடினமான இரண்டை ஒரே நாளில் போட்டுவிட்டு மறுநாளை லேசாக விடுங்கள். செவ்வாய் காலை வேக ஓட்டம், அன்று மாலையே கால் எடை. நடுவில் ஆறு மணி நேரமும் இரண்டு வேளைச் சாப்பாடும் இருக்கட்டும். புதன் மெதுவாக ஆறு கிலோமீட்டர், அல்லது வெறும் நடை. வியாழன் ஜிம், அன்று மேல் உடம்பு பிரதானம், காலுக்கு ஒரே ஒரு பயிற்சி. வெள்ளி மெது ஓட்டம். சனி ஒன்றும் வேண்டாம், துணி மடியுங்கள். ஞாயிறு நீண்ட ஓட்டம். திங்கள் மறுபடி ஓய்வு.

மெது ஓட்டம் என்றால் நிஜமாகவே மெதுவாக. உங்கள் 10 கிலோமீட்டர் வேகம் ஒரு கிலோமீட்டருக்கு ஆறேகால் நிமிடத்துக்குப் பக்கத்தில் வருகிறது. மெது ஓட்டம் ஏழேகாலுக்கு மேல் இருக்க வேண்டும். பக்கத்தில் ஓடுகிறவரிடம் மாமியார் கதையை மூச்சு வாங்காமல் சொல்ல முடிந்தால் அதுதான் சரியான வேகம். எல்லா நாளும் ஆறரையில் ஓடிக்கொண்டிருந்தால் ஜிம்முக்கு என்று காலில் ஒன்றும் மிஞ்சாது. என் பெஞ்சில் படுப்பவர்களில் பாதிப் பேர் இந்த ஆறரை ஆட்கள்தான்.

ஜிம்மில் என்ன செய்வது? ஸ்குவாட், தரையிலிருந்து ராடைத் தூக்கி நிமிரும் டெட்லிஃப்ட், ஒரு கால் முன்னே வைத்து இறங்கும் ஸ்பிளிட் ஸ்குவாட், இழுப்பதில் ஒன்று, தலைக்கு மேல் தள்ளுவதில் ஒன்று. மூன்று செட், ஐந்து ஐந்து தடவை. ஐந்தாவது முடிக்கும்போது இன்னும் இரண்டு போடலாம் என்று தோன்றும் எடையோடு நிறுத்திக்கொள்ளுங்கள். செட்டுக்கு நடுவில் இரண்டு மூன்று நிமிடம் சும்மா உட்காருங்கள். வியர்க்கவில்லையே என்று மாஸ்டர் திட்டுவார், திட்டட்டும். வியர்க்கிற வேலையை நீங்கள் கடற்கரையிலேயே செய்துவிடுகிறீர்கள்.

கெண்டைக்காலை மறக்காதீர்கள். உட்கார்ந்தபடி முழங்காலில் எடை வைத்துக் குதிகாலை உயர்த்துவது. பார்க்க ஒரு பொருட்டாகவே தெரியாது. ஓடும்போது கெண்டைக்காலின் உள்தசை ஒவ்வொரு அடிக்கும் உடம்பு எடையைப்போல் ஆறேழு மடங்கு சுமக்கிறது. நாற்பதை நெருங்குகிற ஓட்டக்காரர்களுக்குக் குதிநாண் வலி வருவதும் அந்தத் தசை களைத்துப்போவதும் பெரும்பாலும் சேர்ந்தே நடக்கும்.


கடற்கரைக்காக்கா, சென்னை
புதன், காலை 5.55

ஆராய்ச்சி எல்லாம் சரி வைத்தியரே. எனக்கு வாரத்துக்கு மொத்தம் ஐந்து மணி நேரம்தான். காலை ஏழரைக்குப் பையனை ஸ்கூல் வேனில் ஏற்ற வேண்டும், மாலை எட்டுக்குத்தான் ஆபீஸிலிருந்து வருகிறேன். ஜிம்முக்குப் போக வர நாற்பது நிமிடம். அந்த நாற்பதில் ஐந்து கிலோமீட்டர் ஓடிவிடுவேன். இதற்குப் பதில் சொல்லுங்கள்.


வலிவைத்தியர், கோவை
புதன், மதியம் 1.15

நியாயமான கேள்வி. வீட்டிலேயே வாரம் இரண்டு தடவை, இருபத்தைந்து நிமிடம். ஆனால் வெறும் பஸ்கி நூறு, இருநூறு என்று எண்ணிக்கையை ஏற்றாதீர்கள். இருநூறு பஸ்கி போடுவது இன்னொரு ஓட்டம் மாதிரிதான், பலம் ஓரளவுக்கு மேல் ஏறாது. எண்ணிக்கையைக் குறைத்துச் சுமையை ஏற்ற வேண்டும். நிரம்பிய தண்ணீர் கேன் 20 கிலோவுக்குச் சற்று மேல். அதை மார்போடு அணைத்து ஸ்பிளிட் ஸ்குவாட் ஒவ்வொரு காலுக்கும் எட்டு. முதுகுப் பையில் பத்துக் கிலோ அரிசி போட்டுக்கொண்டு படி விளிம்பில் ஒற்றைக் காலில் குதிகால் உயர்த்துவது பன்னிரண்டு. தண்டால். நாற்காலி ஓரத்தில் பாலம் மாதிரி இடுப்பைத் தூக்குவது. போதும்.

வாரம் ஐந்து மணி நேரத்தில் ஐம்பது நிமிடம் போகிறது. அதை வெள்ளிக்கிழமை ஓட்டத்திலிருந்து எடுத்துக்கொள்ளுங்கள். அந்த ஓட்டம் எப்படியும் நீங்கள் தூங்கிக்கொண்டே ஓடுவதுதான்.


மதுரைமல்லி47
புதன், இரவு 8.30

எல்லோரும் தோள், டைம் என்றே பேசுகிறீர்கள். நான் எலும்புக்காக வந்தவள். வயது புனைபெயரிலேயே இருக்கிறது. ஆறு வருஷமாக ஓடுகிறேன், அதனால் எலும்பு பலமாக இருக்கும் என்று நம்பிக்கொண்டிருந்தேன். போன வருஷம் எடுத்த ஸ்கேனில் முதுகெலும்பில் அடர்த்தி குறைந்திருந்தது. டாக்டர், "ஓடறது நல்லதும்மா, ஆனா முதுகுக்கு அது பத்தாது, எடை தூக்குங்க" என்றார். ரோஸ் கலர் இரண்டு கிலோ டம்பெல் வாங்கி மூன்று மாதம் ஆட்டினேன். ஒன்றும் ஆகவில்லை. அப்புறம் தேடிப் படித்ததில், ஆஸ்திரேலியாவில் மாதவிடாய் நின்ற, எலும்பு அடர்த்தி குறைந்த பெண்களுக்கு எட்டு மாதம், வாரம் இரண்டு நாள், அரை மணி நேரம், ஆள் பக்கத்தில் நின்று கண்காணித்தபடி கனமான டெட்லிஃப்ட்டும் ஸ்குவாட்டும் கொடுத்திருக்கிறார்கள். ஐந்து ஐந்து தடவையாக. 2018ல் முடிவு வந்தது, முதுகெலும்பின் அடர்த்தி கூடியிருக்கிறது. வீட்டில் லேசான பயிற்சி செய்த பெண்களுக்குக் குறைந்திருக்கிறது.

ஜிம்மில் பெண்களுக்கு என்று ஒதுக்கிய மூலையில் டிரெட்மில்லும் ரோஸ் டம்பெல்லும்தான் இருந்தன. ராடு இருக்கும் பக்கம் போனால், "அக்கா, அது ஜென்ட்ஸ் சைடு" என்றான் ஒரு பையன். எந்தப் பக்கம் என்று பார்த்துக்கொண்டிருந்தால் என் முதுகெலும்பு காத்திருக்குமா? இப்போது 50 கிலோ டெட்லிஃப்ட் போடுகிறேன். என் எடை 56. அந்தப் பையன்தான் பிளேட் மாட்டிக் கொடுக்கிறான்.

பெண்கள் யாராவது படித்தால் ஒரு விஷயம்: ஓட்டம் திடீரென்று கனமாகத் தெரிந்தால் உடனே பயிற்சியைக் குறை சொல்லாமல் ஹீமோகுளோபினும் பெரிட்டினும் (உடம்பில் சேர்ந்திருக்கும் இரும்புச் சத்தைக் காட்டும் ரத்தப் பரிசோதனை) பாருங்கள். எனக்கு இரண்டு மாதச் சோர்வுக்குக் காரணம் இரும்புச் சத்து. ஜிம்மில் இருக்கும் இரும்பு உள்ளே போகாது.


ஈரத்துண்டு, சென்னை
வியாழன், காலை 7.00

அக்கா, உங்கள் 50 கிலோவைப் படித்துவிட்டு என் 40 கிலோ ஸ்குவாட்டை வெளியே சொல்ல வெட்கமாக இருக்கிறது.

இரும்புக்கடை அண்ணன் கேட்ட சாப்பாடு: காலையில் நான்கு இட்லி, சாம்பார். மதியம் சாதம், குழம்பு, ஒரு பொரியல், மோர். மாலை டீ, இரண்டு பிஸ்கட். இரவு மூன்று தோசை. சுகருக்குப் பயந்து சாதத்தைப் பாதியாக்கிவிட்டேன். முட்டை சாப்பிடுவேன், எப்போதாவது. ஞாயிறு கோழி.


இரும்புக்கடை, சேலம்
வியாழன், காலை 11.20

நினைத்தேன். தம்பி, உங்கள் தோளைத் தின்றது ஓட்டம் இல்லை, இந்தப் பட்டியல்தான். ஒரு இட்லியில் புரதம் இரண்டு கிராம் வந்தால் அதிகம். நாள் முழுக்கக் கூட்டினாலும் நாற்பத்தைந்து ஐம்பதைத் தாண்டாது. ஓடவும் தூக்கவும் செய்கிறவனுக்கு உடம்பு எடையில் கிலோவுக்கு 1.6 கிராம் என்று வையுங்கள். 73 கிலோவுக்கு 115 பக்கத்தில் வேண்டும். பாதிச் சம்பளத்தில் குடும்பம் நடத்திக்கொண்டிருக்கிறீர்கள்.

பவுடர் டப்பா விற்பேன் என்று பயப்பட வேண்டாம், முதலில் கடைத்தெரு. முட்டை நான்கு என்றால் 25 கிராம். மீல் மேக்கர் உலர்ந்தது 50 கிராம் எடுத்து ஊறவைத்துப் பிழிந்து குழம்பில் போட்டால் இன்னொரு 25. பால் அரை லிட்டர் 16. கொண்டைக்கடலை சுண்டல் ஒரு கிண்ணம், வேர்க்கடலை ஒரு கைப்பிடி, இரண்டும் சேர்ந்து பதினாறு பதினேழு. பிஸ்கட்டை அந்த இடத்தில் மாற்றுங்கள். மத்தி மீன் மலிவாகக் கிடைக்கும் ஊரில் இருக்கிறீர்கள், வாரம் இரண்டு நாள் வாங்குங்கள். ஏற்கெனவே கிட்னியில் கோளாறு உள்ளவர்கள் மட்டும் டாக்டரைக் கேட்காமல் புரதத்தை ஏற்றக் கூடாது.

சாதத்தைப் பாதியாக்கியதும் தப்பு. வெட்டுவதானால் மற்ற நாளில் வெட்டுங்கள். செவ்வாயும் ஞாயிறும் வயிறாரச் சாப்பிடுங்கள், இல்லையென்றால் ராடு தூக்க எதுவும் இருக்காது. சுகர் அளவை மட்டும் மூன்று மாதத்துக்கு ஒரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள்.

வைத்தியர் சொன்ன பதினொரு பயிற்சிக் கணக்கு எனக்குத் தெரியாது. "ஆறு மாதம் இது, ஆறு மாதம் அது" என்று நான் சொன்னதைக் கொஞ்சம் தளர்த்துகிறேன். கொஞ்சம்தான்.


காக்கிக்கனவு, விருதுநகர்
வெள்ளி, மாலை 6.40

அண்ணன்களே, குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். போலீஸ் தேர்வுக்குத் தயார் செய்கிறேன். 1500 மீட்டரை ஏழு நிமிடத்துக்குள் ஓட வேண்டும், கயிறும் ஏற வேண்டும். ஓட்டம் 6.20க்கு வந்துவிட்டது. கயிற்றில் பாதிக்கு மேல் போனால் கை வழுக்குகிறது. தினமும் ஓடி முடித்த கையோடு கயிறு ஏறிப் பார்க்கிறேன்.


விசில்வாத்தியார், திருநெல்வேலி
வெள்ளி, இரவு 7.15

தம்பி, ஓட்டம் ஜெயித்தாகிவிட்டது. அதை வாரம் மூன்று நாளாகக் குறை. கயிற்றை ஓட்டத்துக்கு முன்னால் ஏறு, அதுவும் ஒரு நாள் விட்டு ஒரு நாள். எது உனக்குப் பலவீனமோ அதைத் தெம்பு இருக்கும்போது செய்ய வேண்டும். வேப்பமரக் கிளையில் பழைய துண்டைப் போட்டு, அதன் இரண்டு முனையையும் பிடித்து இருபது வினாடி தொங்கு, அப்படி ஐந்து தடவை. வழுக்குவது உள்ளங்கை இல்லை, முன்னங்கை. ஏறும்போது கால் என்ன செய்கிறது என்று யாரையாவது செல்போனில் படம் எடுக்கச் சொல். முப்பது வருஷத்தில் நான் பார்த்த பையன்களில் பாதிப் பேர் கயிற்றில் காலைக் காற்றில் உதைத்துக்கொண்டிருப்பார்கள்.


ஈரத்துண்டு, சென்னை
எட்டு வாரத்துக்குப் பிறகு, ஞாயிறு, காலை 9.45

இழையை மேலே கொண்டுவருகிறேன். சொன்னபடி செய்த வாரம் ஆறு, சொதப்பிய வாரம் இரண்டு.

முதல் சொதப்பல் ஆசையால். மூன்றாவது வாரம் டெட்லிஃப்ட் நன்றாக வந்ததே என்று வெள்ளிக்கிழமையும் போய் ஒரு தடவை போட்டேன். ஞாயிறு 14 கிலோமீட்டரில் தொடைப் பின்பக்கம் இழுத்தது. வைத்தியர் எழுதிய "சனி துணி மடியுங்கள்" வரி அன்றைக்குத்தான் புரிந்தது. இரண்டாவது சொதப்பல் மழை. நவம்பரில் ஒரு வாரம் எங்கள் தெருவில் முழங்கால் தண்ணீர். அந்த வாரம் ஓட்டமே இல்லை, அபார்ட்மெண்ட் படிக்கட்டில் ஏறி இறங்கினேன். வாட்ச்மேன் இரண்டாம் நாள் மேலே வந்து, "என்ன சார், வீட்டுல சண்டையா?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

எண்கள்: ஸ்குவாட் 40லிருந்து 62.5 கிலோ, ஐந்து தடவை. டெட்லிஃப்ட் 75. போன வாரம் 10 கிலோமீட்டர் 59.10. எடை 74.5, அதாவது ஒன்றரைக் கிலோ ஏறியிருக்கிறது, ஆனால் பெல்ட் பழைய துளையிலேயே நிற்கிறது. மெது ஓட்டத்தை ஏழரைக்கு இறக்கியதுதான் கஷ்டமாக இருந்தது. கடற்கரையில் நடைப்பயிற்சித் தாத்தா ஒருவர் என்னைத் தாண்டிப் போனார், திரும்பிப் பார்த்துச் சிரித்தார். மீல் மேக்கரை வீட்டில் யாரும் தொடுவதில்லை, எனக்கு மட்டும் தனிக் குழம்பு.

தண்ணீர் கேன் நேற்று இரண்டாவது மாடி வரை நிற்காமல் போனது. மேலே போய்ச் சேர்ந்ததும் கொஞ்ச நேரம் கேனைக் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றேன், மனைவி பார்க்கட்டும் என்று. அவள் கேஸ் சிலிண்டரையும் ஏற்றிவிடச் சொன்னாள்.

அரை மாரத்தானுக்கு இன்னும் ஆறு வாரம். கடைசி வாரங்களில் ஜிம்மை என்ன செய்வது?


வலிவைத்தியர், கோவை
ஞாயிறு, மதியம் 12.30

இன்னும் மூன்றரை வாரம் இப்படியே போங்கள். அப்புறம் செட்டைப் பாதியாக்குங்கள், எடையைக் குறைக்க வேண்டாம். கடைசியாகக் கனமான கால் பயிற்சி போட்டிக்கு எட்டுப் பத்து நாள் முன்னால் இருக்கட்டும். அந்தக் கடைசி வாரம் மேல் உடம்பு மட்டும், அதுவும் கை கால் துறுதுறுவென்று இருந்தால். உங்கள் இப்போதைய வேகத்துக்கு 2 மணி 10, 15 நிமிடம் நியாயமான குறி. முதல் ஐந்து கிலோமீட்டரில் யார் தாண்டிப் போனாலும் சிரித்துக்கொண்டே விடுங்கள், தாத்தாவிடம் பழகியிருக்கிறீர்கள். ஜனவரிக் காலை குளிர்ச்சியாகத் தொடங்கும், ஏழு மணிக்கு மேல் வெயிலும் புழுக்கமும் ஏறிவிடும். தண்ணீரோடு உப்பும் போக வேண்டும்.


மதுரைமல்லி47
ஞாயிறு, மாலை 4.10

62.5க்கு வாழ்த்துகள் தம்பி. நான் 55க்கு வந்துவிட்டேன். என் எடை 56தான், அடுத்த மாதம் பாருங்கள்.


கடற்கரைக்காக்கா, சென்னை
ஞாயிறு, இரவு 9.50

என் கருத்து மாறவில்லை. ஓடத் தெரிந்தவனுக்கு ஓட்டமே மருந்து.

அது இருக்கட்டும். நாலு வாரமாகக் காலையில் எழுந்து முதல் அடி வைக்கும்போது குதிநாண் பக்கம் பிடிக்கிறது, பத்தடி நடந்தால் போய்விடும். வைத்தியரே, அந்தப் படி விளிம்பில் அரிசி மூட்டையோடு செய்யச் சொன்னது, முழங்காலை மடக்கியா, நீட்டியா?


வலிவைத்தியர், கோவை
ஞாயிறு, இரவு 10.02

இரண்டும். ஆனால் இந்த வாரம் அரிசி வேண்டாம், படி விளிம்பும் வேண்டாம். தரையிலேயே இரண்டு காலில், மெதுவாக ஏறி மெதுவாக இறங்குங்கள். மேட்டு ஓட்டத்தையும் வேக ஓட்டத்தையும் நிறுத்துங்கள். வலி குறைகிறதா, கூடுகிறதா என்று அடுத்த ஞாயிறு இங்கேயே எழுதுங்கள். குதிநாணில் வீக்கமோ நடக்கும்போது விடாத வலியோ இருந்தால் ஞாயிறுவரை காத்திருக்காமல் நேரில் யாரிடமாவது காட்டுங்கள்.


இரும்புக்கடை, சேலம்
ஞாயிறு, இரவு 10.15

காக்கா, அரிசி பொன்னியா, இட்லி அரிசியா?